பளிங்கு பதிப்பது புதுப்பித்தல் ஆகாது

ஆசிரியருக்கு, பஞ்சாபில் உள்ள தர்ன் தாரன் குருத்வாரா என்ற சீக்கியர் வழிபாட்டுத் தலம் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். சீக்கியர்களின் ஐந்தாம் குருவான குரு அர்ஜன் உருவாக்கிய அந்தத் தலத்தில், 2019 மார்ச்சில் கரசேவை, அதாவது பக்தர்கள் கூலியின்றிச் செய்யும் திருப்பணி, என்ற பெயரில் சுமார் 200 ஆண்டுப் பழமையான தர்ஷனி தியோடி நுழைவாயிலின் மேற்பகுதியை இரவோடிரவாக இடித்தார்கள், பக்தர்களே திரண்டு எதிர்த்த பிறகுதான் வேலை நின்றது. கரசேவை உயர்ந்த தொண்டு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நானக்ஷாஹி எனப்படும் பழங்கால மெல்லிய செங்கலையும் சுண்ணாம்புப் பூச்சையும் அகற்றிவிட்டுப் பளிங்கு பதித்தால் அங்கே வரலாறு எங்கே இருக்கும்? பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குருத்வாராவில், வெள்ளையடித்த சுவரின் ஒரு மூலையில் மட்டும் பழைய ஓவியம் கொஞ்சம் எட்டிப் பார்த்ததை நானே கண்டு கலங்கியிருக்கிறேன். இனி எந்தத் திருப்பணியானாலும், முழுமையாகப் படமெடுத்து ஆவணப்படுத்தி, பாதுகாப்பு வல்லுநரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கிடைத்த பிறகே சுவரில் கை வைக்க வேண்டும்.