வைகைக் கரை விலங்குகள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

வீரமிகு தலைவர் காளையார் அவர்களே, துணைத் தலைவர்கள் 9 பேரே, பொருளாளர் குரங்கார் அவர்களே, பின்னால் நிற்கும் உறுப்பினர்களே, காகமாகிய செயலாளரின் வணக்கம்.

தலைவர் தை மாதம் அயராது உழைத்தார். தை 1 அவனியாபுரம், 2 பாலமேடு, 3 அலங்காநல்லூர் என்று திட்டம். கடைசியில் அலங்காநல்லூர் வாடிவாசலில் மட்டும் இறங்கினார். சில நொடிதான், திமிலை ஒருவரும் தொடவில்லை. அந்தக் களைப்பு தீர அடுத்த தை வரை பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் சங்கச் செலவு. தலைமை மூளை வேலை, அதற்குச் சத்து வேண்டும் என்று பொருளாளர் விளக்கினார். எல்லோரும் வாலை ஆட்டி ஏற்றோம்.

இவ்வாண்டின் பெரிய சாதனை ஊற்று. சித்திரையில் அழகர் இறங்குவதற்காக அணையில் தண்ணீர் திறந்தார்கள். அது வடிந்ததும் ஆறு பழையபடி மணல்தான். உடனே ஊற்றுக் குழு அமைத்தோம். இடம் பார்க்க மயிலார், ஆழம் சொல்ல ஆட்டார், நேரம் குறிக்கச் சேவலார், மேற்பார்வைக்குத் துணைத் தலைவர்கள் அனைவரும். தோண்டியது கழுதை. தண்ணீர் வந்ததும் தலைவர் குடித்துத் திறந்துவைத்தார். பிறகு பதவி வரிசைப்படி எல்லோரும் குடித்தோம். கழுதையின் முறை வந்தபோது கொஞ்சம் சேறாகத்தான் இருந்தது. கல்வெட்டில் அதன் பெயருக்கு இடம் போதவில்லை.

எறும்புகள் சங்கத்தைவிட்டு விலகிவிட்டன. அவற்றின் ராணி முட்டையிடுவதோடு சரி, யாருக்கும் உத்தரவு போடுவதில்லையாம். உத்தரவு இல்லாமல் வேலை எப்படி நடக்கும் என்று தலைவர் நேரில் போய்க் கேட்டார். ஒரு செத்த வெட்டுக்கிளியை இழுத்துக்கொண்டிருந்ததால் அவை பதில் சொல்லவில்லை. இது மரியாதைக் குறைவு என்று கண்டனத் தீர்மானம் போட்டோம்.

அமாவாசைச் சோற்றைச் சங்க வரவில் சேர்க்கச் சொன்ன தீர்மானம் தோற்றது. அது முன்னோர் பெயரால் எனக்கு வருவது.

தேர்தலில் பழைய நிர்வாகிகளே போட்டியின்றித் தேர்வானார்கள். அப்புறம், பன்றியின் நச்சரிப்பு தாங்காமல் 'கௌரவச் சுமைப் பொறுப்பாளர்' என்ற புதுப் பதவியைக் கழுதையாருக்கு வழங்கியுள்ளோம். பதவியேற்பு மேடையை அவரே போட்டார்.

வரவு செலவுக் கணக்கைக் குரங்கார் அழகர்மலையில் உயரமான கிளை ஒன்றில் பத்திரமாக வைத்திருக்கிறார். பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் எந்த நேரமும் ஏறிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
காகம், செயலாளர்