அடிக் கம்பியின் ஸ்ருதி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே குலசேகரத்தில் மழை விட்டபாடில்லை. ரப்பர் பால்வெட்டும் சரியாக நடக்கவில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்தாள்.

கடைசியில் போகிறபோக்கில் பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. ஐந்து கம்பிக் கிட்டார் வாங்கியாயிற்று, ஸ்ருதி சரியா என்று காட்டும் ட்யூனர் கருவியும் பச்சை விளக்கு காட்டுகிறது, ஆனாலும் கீபோர்டு வாசிக்கும் பையன் ஸ்ருதி இறங்கியிருக்கிறது என்கிறான். அந்தப் பையன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதற்காகக் கிட்டாரைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடாதே.

கம்பியைச் சுண்டும் நொடியில் அது இழுபட்டு, ஸ்ருதி சற்று ஏறி ஒலிக்கும். பிறகுதான் இறங்கி நிலைகொள்ளும். கனத்த கம்பியில், அதுவும் பலமாகச் சுண்டினால், இந்த ஏற்றம் காதுக்கே தெரியும். ட்யூனர் பச்சை காட்டிய நொடியை நம்பி நீ நிறுத்திவிட்டால், திருப்பலிப் பாட்டில் நீட்டிப் பிடிக்கிற சுரம் அதற்குக் கீழேதான் வந்து நிற்கும். எனவே பாட்டில் எவ்வளவு அழுத்தமாகச் சுண்டுவாயோ அதே அழுத்தத்தில் சுண்டு. தொடக்கத்தை விட்டுவிட்டு, ட்யூனரின் முள் நிலைத்தபின் பார். மற்றக் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்திக்கொள். அவை கூடவே அதிர்ந்தால் ட்யூனர் குழம்பும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈ (E) கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. உன் ஐந்தாவது கம்பியான பி (B) 31 முறைதான். மனிதக் காது கேட்கும் எல்லையே 20 அளவில் தொடங்குகிறது. அந்த ஆழத்தில் நாம் கேட்பதில் பெரும்பகுதி, கம்பியின் அடிச் சுரத்தோடு கூடவே எழும் மேல் சுரங்கள். அடிச் சுரம் மெலிந்துதான் வரும். கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும் சிறிய ட்யூனர் அதைப் பிடிக்கத் தடுமாறுகிறது. கேபிள் செருகும் ட்யூனரை இரவல் வாங்கியாவது பயன்படுத்து. டோன் குமிழை முழுதும் குறைத்து, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கம் உள்ளதை மட்டும் வைத்து, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில், அதாவது பிரெட்டுகளில், பன்னிரண்டாவதுக்கு மேலே பெருவிரலின் சதையால் மெல்லத் தட்டிப் பார். அடிச் சுரம் துலங்கும், முள்ளும் அடங்கும்.

ஆனால் நான் உண்மையில் நம்புவது காதைத்தான். ஐந்தாம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலை ஒற்றிச் சுண்டி உடனே எடுத்தால், மணி போல ஒரு சுரம் எழும். அது விரல் படாத திறந்த கம்பிக்கு இரண்டு ஸ்தாயி மேலே, ஈ கம்பியில் சுமார் 165 அதிர்வு. பையனை அதே ஈ சுரத்தைக் கீபோர்டில் அழுத்திப் பிடிக்கச் சொல். இரண்டும் சேராவிட்டால் ஒலி ஏறி ஏறி இறங்கும். அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் வரும் சென்ட் கணக்கில் ஐந்து சென்ட் பிசகு இருக்கிறது என்று வைத்துக்கொள். அடிச் சுரத்திலேயே ஒப்பிட்டால் அந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று வர எட்டு நொடிக்கு மேலாகும். அதற்குள் கம்பியின் ஒலி தேய்ந்துவிடும். இரண்டு ஸ்தாயி மேலே அதே பிசகு இரண்டு நொடிக்கு ஒருமுறை அலையும். அலை மெதுவாகி நிற்கும்வரை கம்பியை முறுக்கும் ஆணியைத் திருப்பு. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி மீண்டும் ஏற்று. இறக்கியபடி நிறுத்தினால் பல்சக்கரத்தின் தளர்வு பிறகு கம்பியை நழுவவிடும்.

ஒரு கம்பியின் ஐந்தாம் பிரெட்டையும் அடுத்ததன் ஏழாம் பிரெட்டையும் இப்படி ஒலிக்கவிட்டுச் சேர்ப்பதைப் பலர் சொல்லித் தருவார்கள். அவசரத்துக்குச் சரி. ஆனால் ஏழாம் பிரெட்டில் எழுவது இயற்கையான பஞ்சமம். கீபோர்டின் பஞ்சமத்தைவிட இரண்டு சென்ட் கூடுதல். ஏ (A) கம்பியிலிருந்து இறங்கி வந்தால் ஈ இரண்டு சென்ட்டும் பி நான்கு சென்ட்டும் ஏறிவிடும். கீபோர்டு கூட வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியையும் தனியாகவே அதோடு சேர்ப்பது நல்லது.

உன் வீடு முட்டத்தில் கடலைப் பார்த்து இருப்பதால் ஒன்று சொல்கிறேன். உப்புக் காற்றும் கை வியர்வையும் கம்பிச் சுற்றுக்குள் படிந்து துருவாகும். எடை சீராக இல்லாத கம்பியில் அடிச் சுரமும் மேல் சுரங்களும் ஒன்றுக்கொன்று இசையாது. எவ்வளவு முறுக்கினாலும் சேராது. பன்னிரண்டாம் பிரெட்டில் விரலை ஒற்றி எழுப்பும் சுரத்துக்கு ட்யூனர் ஒன்றும், திறந்த கம்பிக்கு வேறொன்றும் காட்டினால் கம்பியை மாற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்புறம் சேர்த்துத் துடை. கிட்டாரை ஜன்னலோரம் சாத்தாமல் உறையிலேயே வை.

பேஸ் பிசகினால் பாடகர் குழு முழுவதும் எதன்மேல் நிற்பது என்று தெரியாமல் தவிக்கும். அந்தக் குழந்தைகள் நன்றாகப் பாடுகிறவர்கள். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கும் முன் இதைச் சரிசெய்துவிடு. மழை விட்டால் தக்கலை வந்து, திங்கள்சந்தை வழியாக பஸ் பிடித்து வருகிறேன். என் கேபிள் ட்யூனரையும் கொண்டுவருவேன். பழைய கம்பியில் அந்தப் பன்னிரண்டாம் பிரெட் சோதனையை மட்டும் செய்து பார்த்து, முள் எங்கே நின்றது என்று எழுது. அதைப் பார்த்துப் புதுக் கம்பி வாங்கி வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்