கூத்தை விடியும்வரை ஆட விடுங்கள்

மாவட்டக் காவல்துறை அதிகாரிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கதையைச் சில ராத்திரிகள் தெருக்கூத்தாக ஆடுகிறோம். அதில் பாஞ்சாலியின் சேலையை உரியும் துகில் கூத்தன்று நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். 'பத்து மணிக்கு மேல் மைக் போட்டார்கள், நிறுத்தினோம்' என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர் சேலையில் கை வைக்கும் முன்பு ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, 'தாயே, வேஷத்துக்காகத் தொடுகிறேன், பொறுத்துக்கோ' என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அன்றும் கேட்டார். முந்தானை அவர் கையில் இருந்தபோதுதான் ஜீப் வந்து நின்றது. கண்ணன் வந்து சேலை கொடுக்க வேண்டும், பாஞ்சாலி சபதம் போட வேண்டும், அதோடு முடித்துக்கொள்கிறோம் என்று கூத்து வாத்தியார் கெஞ்சினார். சட்டம்னா சட்டம் என்று பதில் வந்தது. ஆம்ப்ளிஃபயர் ஜீப்பில் ஏறியது. முன்வரிசையில் இருந்த கிழவிகள் எழுந்திருக்கவே இல்லை. அம்மாவை அந்தக் கோலத்தில் விட்டுவிட்டு நாங்கள் எப்படி வீட்டுக்குப் போவது என்று அவர்கள் கேட்டார்கள். உங்கள் ஆட்களிடம் அதற்கும் பதில் இல்லை.

சரி, சட்டத்துக்கே வருகிறேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பண்டிகைக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு இடம் கொடுப்பதும் அதே விதிதான். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. ஊரில் நோயாளிகள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரியும். கூம்பு ஸ்பீக்கரை நாங்களே கழற்றிவிடுகிறோம். கூத்து ஆடும் களரியைப் பார்த்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, குறைந்த சத்தம், அவ்வளவு போதும். ஆனால் கூத்து விடியும்வரை நடக்க வேண்டும். பத்து மணிக்கு, கூத்தைத் தொடங்கிவைக்கிற கட்டியங்காரனே களரிக்கு வந்திருக்க மாட்டான்.

விடியவிடிய உட்கார்ந்து அதில் என்ன பார்க்கிறீர்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்விதான். பகலெல்லாம் செங்கல் சூளையில் கல் அறுக்கிற ஒருவர், ராத்திரி கிரீடமும் புஜக்கீர்த்தியும் கட்டித் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கிறார். திரை விலகினால் துரியோதனன். அவருக்குக் கடன் கொடுத்தவர்கூட எதிரில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்க்கிறார். வருடம் முழுக்கக் கூலி, வட்டி, ரேஷன் என்று ஓடுகிற எங்களுக்கு இந்தச் சில ராத்திரிகளில்தான் வாழ்க்கை வயிற்றைவிடப் பெரியது என்று தோன்றுகிறது. இதை மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

இதே கூத்தைச் சென்னையில் பொங்கலுக்கு அரசே மேடை போட்டு ஆட வைக்கிறது. கூத்துக் கலைஞர்களுக்குக் கலைமாமணி கொடுக்கிறது. புரிசை ஊர்க் கூத்துக் குழு வெளிநாடுவரை போய் ஆடிவிட்டு வந்தது. பட்டணத்தில் பாரம்பரியம், ஊரில் ஒலி மாசு! கலையை வாழவைக்க விழா எடுக்கும் அரசு, அது வாழ்கிற இடத்துக்கு ஜீப்பை அனுப்புகிறது. சபதம் போடாத பாஞ்சாலி, துரியோதனன் விழும் படுகளத்தில் எந்தக் கூந்தலை முடிவாள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது விளக்கினால் நல்லது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். அர்ச்சுனன் தவத்துக்கு ஏறுகிற தபசு மரம் நட்டாகிவிட்டது. அவன் மேலே ஏறி எலுமிச்சம்பழம் போடும்போது மடியேந்தி நிற்கப் பிள்ளையில்லாத பெண்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அதற்குப் பிறகு கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். பாக்கியுள்ள ராத்திரிகளுக்கு, விடியும்வரை ஆட, எழுத்தில் அனுமதி கொடுங்கள். உங்கள் அதிகாரத்துக்குள் 12 மணிவரைதான் முடியும் என்றால் அதை இப்போதே கொடுத்துவிட்டு, மீதிக்கு அரசுக்குப் பரிந்துரை செய்யுங்கள். சத்தத்தை அளக்க ஒரு காவலரையும் அனுப்புங்கள். அவருக்கு முன்வரிசையில் பாய் போடுகிறோம்.

அப்புறம், அந்த ஆம்ப்ளிஃபயர் வாடகைக்கு எடுத்தது. தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
பாரதம் வைக்கும் ஊர்க்காரன்