"பட்டிக்காடு"ன்னு சொல்லிடுவாங்களோ?

அன்புள்ள மகளுக்கு,

"கிராமத்துக்காரின்னு தெரிஞ்சா மதிக்க மாட்டாங்கப்பா" என்று எழுதியிருந்தாய். அதற்காகக் கண்ணாடி முன் நின்று "நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்காதே. ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படித் தம்மைப் புகழ்ந்து சொல்லிக்கொண்டபோது, சொல்லாதவர்களைவிடச் சோர்ந்துபோனார்கள். மனசு நம்பாததை வாய் சொன்னால், உள்ளே மறுப்புதான் எழும்.

இந்தக் கூச்சத்துக்குத் தீனி போடுவது நாம் மறைக்கச் செய்யும் வேலைகள். ஊர்ப் பெயரைக் கேட்டால் பக்கத்து நகரத்தைச் சொல்வது, கூட்டத்தில் வாய் திறக்காதது, புரியாததற்கும் தலையாட்டுவது, பக்கத்தில் ஆள் இருந்தால் வீட்டிலிருந்து வரும் போனை எடுக்காமல் விடுவது. ஒவ்வொரு தடவையும் "அப்பாடா, தப்பித்தோம்" என்றிருக்கும். சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் அதோடு போய்விடும்.

ஒரு நோட்டில் உன் மறைப்புகளை எழுது. ஒவ்வொன்றையும் கைவிட எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை எண் போடு. 30, 40 போட்டதில் தொடங்கு. எடுத்த எடுப்பில் 90-இல் கை வைத்தால் பாதியிலேயே ஓடிவரத் தோன்றும். ஓடிவந்தால் பயம் இன்னும் கெட்டியாகும். செய்வதற்கு முன் என்ன நடக்குமென்று நினைக்கிறாயோ அதை எழுதிவை. "கேவலமா நினைப்பாங்க" என்று எழுதினால் சரிபார்க்க வழியில்லை. "மூணு பேராவது சிரிப்பாங்க" என்றால் எண்ணிவிடலாம். நடந்ததை அன்றைக்கே எழுது. இரண்டு நாள் விட்டால் நினைவும் கூச்சத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஒரே காரியத்தை நாலைந்து முறை செய்து, எண் பாதியானதும் அடுத்ததை எடு.

எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. தாமஸ் கிலோவிச் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கடம் தரும் படம் போட்ட டி-சர்ட்டோடு மாணவர்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்.

பேச்சு வழக்கை மாற்றப் பாடுபடாதே, வேகத்தை மட்டும் குறை. கூச்சம் வந்தால் அவசரமாகப் பேசி வாக்கியத்தின் கடைசியை விழுங்கிவிடுவோம். எதிரில் இருப்பவர் "என்ன?" என்றதும் கேலி செய்கிறார் என்று படும். பல நேரம் அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவற்றுக்குத் தனிப் பட்டியல் போடு. அதில் முக்கால்வாசி யாராவது காட்டிக்கொடுத்தால் ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். "இது எனக்குப் புதுசு, ஒரு தடவை காட்டுங்க" என்று முதல் வாரத்திலேயே கேட்பது எளிது. ஆறு மாதம் தலையாட்டிய பிறகு கேட்பதுதான் கஷ்டம்.

நிஜமாகவே ஒருத்தர் கேலி செய்தால், அது உன் மனப்பிரமை ஆகாது. நோட்டும் எண்ணும் அதற்கு மருந்தில்லை. "அப்படிக் கூப்பிடாதீங்க" என்று ஒரு முறை நிதானமாகச் சொல். தொடர்ந்தால் தேதி, சொன்ன வார்த்தை, கூட இருந்தவர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் போ.

தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் ஆசையில்லாமல் இரண்டு வாரம் ஓடினால் மருத்துவரைப் பார். அதைத் தள்ளிப்போடாதே அம்மா.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூப்பிடும்போது வராந்தாவுக்குப் போகாமல் அறையிலேயே இருந்து பேசிப் பாரேன். பேசுமுன் ஓர் எண், பேசி முடித்தபின் ஓர் எண் போட்டுவை.

அன்புடன்,
அப்பா