டெல்டா மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு: முகாம் தேதி குறிக்கும் முன் எங்கள் தெருவைக் கேளுங்கள்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் ஒரு ஊரில் 22 வருஷம் அங்கன்வாடி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என நான்கு மாவட்டங்களிலும் தடுப்பூசி வேலையைக் கவனிக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கூட்டங்களில் 'ஒத்துழைக்காத பகுதி' என்று ஒரு வார்த்தை சொல்வீர்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஒரு புரட்டாசி மாதம், சம்பா நடவு நேரம். முழங்கால் வரை ஒட்டிய சேறுகூடக் காயாமல், ஒன்பது மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மதியம் ஓடி வந்தாள். அன்று தடுப்பூசி போடும் புதன்கிழமைதான், நாளில் தப்பில்லை. ஆனால் காலையில் கரைத்த தட்டம்மை-ரூபெல்லா மருந்தை நாலு மணி நேரத்துக்கு மேல் வைத்துப் போடக் கூடாது, அந்த நேரம் தாண்டிவிட்டது, ஒரு பிள்ளைக்காகப் புதுக் குப்பியை உடைக்க முடியாது, அடுத்த புதன் வா என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி, உங்களுக்குத் தெரியாதது இல்லை. அடுத்த புதனும் அவளுக்கு நடவு, வரவில்லை. பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு நேரே 'மறுப்பு' என்று எழுதினார்கள். கூலியை விட்டுவிட்டு ஓடி வந்தவள் எதை மறுத்தாள்?

எங்கள் பக்கம் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. மீனவக் கிராமத்தில் காலையில் போனால் பெண்கள் மீன் கூடையோடு கிளம்பிப் போயிருப்பார்கள். அங்கே ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொன்னால் அவர்களே மைக்கில் அறிவித்து ஆட்களைக் கூட்டிவிடுவார்கள். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் பல வீடுகளில் தகப்பன் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபராளி. தாய்க்குச் சம்மதம்தான், ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவர் வேலை முடிந்து போன் எடுக்க ராத்திரி ஆகும். அதனால் முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள், வாசலில் நின்றுகொண்டு இப்பவே பதில் சொல் என்றால் பதில் 'வேண்டாம்' என்றுதான் வரும். மருந்தில் என்ன கலந்திருக்கிறது, மார்க்கத்துக்கு ஆகுமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஜமாஅத்தில் உட்கார்ந்து, அந்த ஊர் டாக்டர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு பதில் சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்திக்குப் பயந்தவர்களில் தனியார் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் படித்த பெற்றோரும் நிறைய. பயத்துக்குச் சாதி, மதம், படிப்பு எதுவும் கிடையாது. பிறகு ஏன் சில தெருக்களை மட்டும் குறித்து வைக்கிறீர்கள்?

அம்மை கண்டால் எங்கள் ஊரில் 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அடுப்பில் தாளிக்க மாட்டார்கள். முகாமுக்கு வந்த ஒரு டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். ஒரு பாட்டி ஒன்றும் பேசாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் எங்கள் கிராம சுகாதார செவிலியர் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "ஆத்தாவைக் கும்பிடுறதை யாரும் வேண்டாங்கல பாட்டி, பிள்ளை நல்லா இருக்கணும்னுதானே நீங்களும் வேண்டிக்கிறீங்க, நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார். அடுத்த புதன் பாட்டியே பேரனைக் கொண்டுவந்தார். அந்தச் செவிலியரின் தலையில் இத்தனை பதிவேடுகளையும் கணினிப் பதிவையும் ஏற்றிவிட்டால் திண்ணையில் உட்கார அவருக்கு ஏது நேரம்?

ஊசி போட்டதும் தாயிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறீர்கள்: என்ன ஊசி, என்ன பின்விளைவு வரலாம், அடுத்து எப்போது வர வேண்டும், அட்டையைப் பத்திரமாக வை. கூட்டம் நெருக்கினால் முதலில் விட்டுப்போவது இரண்டாவதுதான். ஆறாவது வாரம் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குப் பிறகு ராத்திரி உடம்பு சுடும், தொடை வீங்கும், பிள்ளை வீறிட்டு அழும். இது ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வாள். சொல்லாவிட்டால் பத்தாவது வாரத்துக்கு அவளும் வரமாட்டாள், அவள் பேச்சைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரியும் வரமாட்டாள்.

அப்புறம், செங்கல் சூளையிலும் நடவிலும் வேலை செய்ய வடக்கிலிருந்து வருகிறவர்களின் பிள்ளைகள். நம் அட்டையை அவர்களால் படிக்க முடியாது. கூட வந்தவர்களில் தமிழ் பழகிய ஒருவர் எப்படியும் இருப்பார், அவரை ஒரு மணி நேரம் உடன் வைத்துக்கொண்டால் போதும். ஊர் ஊராகப் பாசிமணி விற்கப் போகும் நரிக்குறவர் குடும்பங்களை அவர்கள் குடியிருப்பில் தேடுவதைவிட, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் தேடுங்கள், பிள்ளைகளோடு கடை விரித்திருப்பார்கள்.

தட்டம்மை பரவாமல் இருக்க நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்காவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தால் மாவட்டக் கணக்கு 95 காட்டினாலும் அந்தத் தெருவுக்கு நோய் வரும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். அதற்கு முன்னால், நடவு மாதங்களில் மட்டுமாவது புதன்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை துணை சுகாதார நிலையத்தைத் திறந்து வைக்க ஒரு உத்தரவு போடுங்கள். அந்த இரண்டு மணி நேரமும் செவிலியருக்குத் துணையாக உட்கார நான் வருகிறேன், என்னோடு ஓய்வு பெற்ற இன்னும் சிலரையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்