ஒரே ஒரு நூறு போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாநில வாரியம், சிபிஎஸ்இ இரண்டிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன் நான். பொறியியல் கலந்தாய்வில் இவர்கள் மதிப்பெண்ணைச் சமப்படுத்தும் முறை பற்றி எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுத் தொழிற்கல்விச் சேர்க்கைச் சட்டப்படி, ஒவ்வொரு பாடத்திலும் அந்தந்த வாரியத்தின் முதல் மதிப்பெண்ணை 100 ஆக வைத்து மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் ஏற்றுகிறார்கள். முதல் மதிப்பெண் 90 என்றால், 60 வாங்கியவருக்கு 66.66. சரி, அந்த வாரியத்தில் ஒரே ஒரு பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால்? மற்ற யாருக்கும் அரைப் புள்ளிகூட ஏறாது, வினாத்தாள் எவ்வளவு கடினமாக இருந்திருந்தாலும்.

என்னிடம் படித்த இரண்டு பெண்கள், நான் வைக்கும் தேர்வுகளில் எப்போதும் ஒன்றிரண்டு மதிப்பெண் முன்பின்னாகத்தான் இருப்பார்கள். பொதுத்தேர்வில் மாநில வாரியத்துப் பெண்ணுக்கு 95, சிபிஎஸ்இ பெண்ணுக்கு 81. தரவரிசைக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் இயற்பியலுக்குப் பாதிதான் கணக்கு. அப்படியும் சிபிஎஸ்இ பெண்ணுக்கு 7 புள்ளி போயிற்று. மார்க் ஷீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு அவள் என் வாசலில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மாநில வாரியப் பிள்ளைகள் உழைக்காமல் வாங்குகிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் உழைப்பைத் தினமும் பார்க்கிறேன்.

ஜேஇஇ மெயின் என்ற தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வில், வெவ்வேறு வினாத்தாளோடு நடக்கும் ஷிப்டுகளை பர்சன்டைல் வைத்துத்தான், அதாவது உடன் எழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஒருவரின் மதிப்பெண்ணோ அதற்குக் குறைவாகவோ வாங்கினார்கள் என்று பார்த்துத்தான், ஒப்பிடுகிறார்கள். அதுவும் முழுத் தீர்வாகாது, வாரியத்துக்கு வாரியம் மாணவர் கூட்டம் வேறு. ஆனாலும் கடந்த சில வருட மதிப்பெண்களை அப்படியும் கணக்கிட்டு, தரவரிசை எவ்வளவு மாறுகிறது என்று உயர்கல்வித் துறை வெளியிட வேண்டும்.

- இயற்பியல் ஆசிரியர், விருத்தாசலம்