சபை வாசிப்புச் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஆயர் அவர்களுக்கும், சங்கத்தின் சகோதர சகோதரிகளுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள், மழைக்காலம் நீங்கலாக, வழக்கம்போல் நடைபெற்றன. அறுப்பின் பண்டிகையன்று புத்தகக் கடை வைத்தோம்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயரின் வாழ்க்கை வரலாற்றைச் சிறுநூலாக எழுதியதே ஆகும். தஞ்சையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவர் சிவகங்கைப் பூங்காவை அடுத்துள்ள ஆலயத்தின் பெயராக மட்டுமே தெரிகிறார் என்ற வருத்தத்தால் இப்பொறுப்பை ஏற்றேன். 1726-இல் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க்கில் பிறந்த அவர், ஹாலே நகரில் படிக்கும்போதே, தமிழ் வேதாகமத்தை அச்சேற்றும் வேலையில் உதவுவதற்காக நம் மொழியைக் கற்கத் தொடங்கி, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தபோது, தஞ்சையை ஆண்ட மராத்திய அரண்மனையாரிடம் பேச மராத்தியையும் ஆற்காட்டு நவாபின் மக்களிடம் பேச பாரசீகத்தையும் கற்றுக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாமல், தம் நாட்டுக்குத் திரும்பாமல், 1798-இல் தஞ்சையிலேயே கண்மூடினார்.

நூல் நீளுகிறது, பிரசங்கங்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் கூறினர். அதற்கு நான் இணங்கவில்லை. காரணத்தை இங்கே பதிவு செய்வது கடமை. 1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்த ஐயர், வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்க முன்வந்தார். அதை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் சொன்னபோது, தஞ்சையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதல் நன்கொடையாக்கினார். அடுத்து வந்த போரிலும் பஞ்சத்திலும், தஞ்சைக் கோட்டைக்குத் தானியம் கொண்டுவர மாடுகளைத் தந்தால் கூலி கிடைக்காது என்று அஞ்சிய குடியானவர்கள், அவர் பொறுப்பேற்றதை நம்பியே மாடுகளை ஓட்டி வந்தார்கள். வரிக்கொடுமையால் ஊரை விட்டுப் போன உழவர்களுக்கு அவர் உறுதிமொழி எழுதி அனுப்பியபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாகவும், பருவம் தப்பியிருந்தும் சாகுபடியில் இறங்கியதாகவும் வரலாறு கூறுகிறது. இந்த வாய்க்கால்களையும் வயல்களையும் நம்பிப் பிழைக்கும் நாம் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது எங்ஙனம்? அவருடைய பிரசங்கத்தை மக்கள் நின்று கேட்டதற்கும், இறக்கும் தறுவாயில் தஞ்சையின் துளஜா மன்னர் தம் சுவிகார மகன் சரபோஜியை அவர் பாதுகாப்பில் ஒப்படைத்ததற்கும், பணத்தில் அவர் காத்த இந்த நேர்மையே அடிப்படை என்பது என் துணிபு.

நூலின் அத்தியாயங்களை மாதக் கூட்டங்களில் வாசித்தேன். கேட்க வந்தவர்கள் பெரும்பாலும் முதியோரும் ஞாயிறு பள்ளி ஆசிரியைகளுமே. நூல் வேண்டும் என்று கைதூக்கியவர்களில் பலர் கூட்டங்களுக்கு வரவில்லை. சரபோஜி மன்னர் ஐயருக்காகச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பத்தைக் காணச் சென்ற நாளிலும் அவ்வாறே. உறுப்பினர் சந்தாவில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான பாக்கி உள்ளதை வேதனையுடன் தெரிவிக்கிறேன். பெயர்களைக் கூற விரும்பவில்லை, உரியவர்கள் அறிவார்கள்.

முந்தைய கையிருப்பும், இவ்வாண்டு வசூலான சந்தாவும், நல்மனதுள்ள சிலரின் காணிக்கையும் தட்டச்சுக்கும் படங்களுக்கும் அச்சக முன்பணத்துக்கும் பெரும்பாலும் செலவாயின. மீதி சொற்பமே. விவரம் பொருளாளரின் பதிவேட்டில் உள்ளது.

இடம் தந்த ஆயர் அவர்களுக்கும், மெய்ப்பு பார்த்த ஆசிரியைகளுக்கும், தேநீர் வழங்கிய பெண்கள் ஐக்கியத்துக்கும் நன்றி.

வரும் 2026 அக்டோபரில் ஐயர் பிறந்து 300 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதற்குள் நூல் வெளிவரவேண்டும் என்பதே என் ஜெபம். அச்சகத்தார் மீதித் தொகையை எதிர்பார்த்திருக்கிறார்கள். பாக்கியுள்ள சந்தா வந்து சேர்ந்தாலே அதில் பெரும்பகுதி தீரும்; பொருளாளர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்தபின் ஆலய முகப்பில் ரசீதுப் புத்தகத்துடன் இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்